இரண்டு சென்டிமீட்டர்

அத்தாவின் தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நழுவியிருந்தது. ரம்ஷா குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் படப்பிடிப்புக் கம்பெனியின் மேனேஜர் பிரான்சிஸ் வாசலில் செருப்பைக் கழற்றினான். தெருவில் ஒரு மினி வேன் எஞ்சினை அணைக்காமல் நின்றது. துக்கம் விசாரிக்க வருகிறவன் எதற்கு வேனோடு வருகிறான் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"கேள்விப்பட்டதும் கையும் ஓடல, காலும் ஓடலீங்க ரம்ஷா" என்றான். வாசல்படியைத் தாண்டவில்லை. "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. அந்தக் கதவு கீழ பட்டறைலதானுங்க இருக்குது? நாளைக்குக் காலைல ஷாட்டு."

உள்ளறையில் ஓதிக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினாள். "குடுத்துப்போடு அம்மணி. அதக் கண்ணுல பாக்கவே எனக்குப் புடிக்கல."

ரம்ஷா துணியின் முடிச்சை இறுக்கினாள்.

கணபதி என்கிற ஏரியாவில் கீழே பட்டறை, மேலே வீடு. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் அச்சு செய்துகொடுப்பது அத்தா அப்துல் முத்தலிபின் தொழில். ரம்ஷா ஒரு டிவி தொடரின் ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் உதவியாளர். சோமனூரில் மூடிக்கிடந்த தறிக் குடோன் ஒன்றுக்குள் வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலத்தை உட்புறம் மட்டும் கட்டினார்கள். வரைந்தவள் அவள். அந்த ஜீவன்களுக்கு விரல் கிடையாது. ஆகவே கலத்தில் பட்டன், கைப்பிடி எதுவும் கூடாது. மூலை என்று ஒன்று எங்கேயும் தெரியக்கூடாது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அத்தா ஒன்றுதான் கேட்டார்.

"வெரலே இல்லாதவன் கதவ எப்படிக் கண்ணு தொறப்பான்?"

பதிலையும் அவரே செய்தார். தண்ணீர் மோட்டாரின் இம்பெல்லர் மாதிரி ஆறு இதழ். சுழன்று தானாக விரியும் வட்டக் கதவு. குறுக்களவு இரண்டு மீட்டர். ஃபவுண்டரி வேலையையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டு வாரம் அதிலேயே கிடந்தார்.

கொண்டுபோய் வைத்தால் சட்டத்தில் உட்காரவில்லை. இரண்டு சென்டிமீட்டர் பெரிசு. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சை நூற்றுக்கு ஒன்று கூட்டித்தான் செய்வார்கள். அதற்கென்று சென்டிமீட்டரே கொஞ்சம் நீளமான தனி ஸ்கேல் உண்டு. அத்தா அதன் தலையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தார். முப்பது வருஷமாக அதையே எடுத்துப் பழகிய கை அன்றைக்கும் அதைத்தான் எடுத்திருக்கிறது.

ஆர்ட் டைரக்டர் ஆதவன் நாற்பது பேர் முன்னால் கத்தினான். "அளக்கத் தெரியாத ஆளையெல்லாம் யாருய்யா உள்ள விட்டது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களைக்கூட ரம்ஷா மன்னித்துவிடுவாள். தன்னை மன்னிக்க அவளுக்கு வழியே இல்லை. டைட்டிலில் பெயர் வந்துவிட வேண்டும் என்ற நப்பாசையில் அவளும் சேர்ந்துகொண்டு, "எந்த ஸ்கேல எடுத்தீங்க அத்தா? பாத்து எடுக்கறதில்லையா?" என்று சத்தமாகக் கேட்டிருந்தாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். கதவைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இழைக்க உட்கார்ந்தார். நேற்றுச் சாயங்காலம் மூன்று இதழை முடித்துவிட்டு, நான்காவதில் இழைப்புளியோடு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"டைட்டில்ல ஐயா பேரப் போடறேன்னு ஆதவன் சார் பெரிய மனசு பண்ணிச் சொல்லிட்டாருங்க" என்று பிரான்சிஸ் ஃபோனை நீட்டினான். "லைன்லதான் இருக்காரு."

பெரிய மனசாம். ரம்ஷாவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் ஃபோனை வாங்கினாள்.

"சார், அந்தச் சட்டம் வெறும் பிளைவுட்டுதானுங்களே? சுத்தி ஒரு சென்டிமீட்டர் அறுத்துவிட்டிருந்தா கதவு உக்காந்திருக்கும். பத்து நிமிஷ வேலை. கேமராவுல யாருக்கும் தெரியாது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க கத்துனீங்க. நான் அதச் சொல்லாம, கூடச் சேந்து அவரயே கேட்டுப்போட்டேன்."

"ரம்ஷா, இப்ப நீங்க டென்ஷன்ல இருக்கீங்க..."

"கதவு வராதுங்க. நானும் வரமாட்டேன்."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினான். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது. வேன் காலியாகத் திரும்பியது. அவளுக்குக் கோபம் ஆறவில்லை. திட்ட வேண்டியவர்களில் மிச்சம் இருந்தது அவள் மட்டும்தான்.

தம்பி ரியாஸ் காதில் ஃபோனோடு கீழேயிருந்து ஏறிவந்தான். கபரஸ்தானில் குழி வெட்டும் இல்யாஸ் பாய் பேசிக்கொண்டிருந்தார்.

"நீளம் கேக்கறாருக்கா" என்றான். பட்டறையிலிருந்து எடுத்துவந்த ஸ்கேலை அத்தாவின் பக்கத்தில் தரையோடு வைத்து, விரலால் குறித்துக்கொண்டு, மறுபடியும் நகர்த்தி வைத்தான். "நூத்தி அறுபத்தேழுங்க பாய்."

அவன் கைக்குள்ளிருந்து சிவப்பு டேப் எட்டிப்பார்த்தது.

"இருக்கச் சொல்லு அவர" என்று சொல்லிவிட்டு ரம்ஷா படியிறங்கினாள். பட்டறையில் கதவு மேஜைமேல் சாய்ந்திருந்தது. மரச்சுருளை மிதிக்காமல் ஓரமாகப் போய், ஆணியில் தொங்கிய மற்ற ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மண்டியிட்டு, உச்சியிலிருந்து குதிகால்வரை அத்தாவைத் தானே அளந்தாள். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் அளந்தாள்.

"நூத்தி அறுபத்தொம்போதுன்னு சொல்லு. ரெண்டு சென்டிமீட்டர் கம்மியாச் சொல்லிட்ட."

ரியாஸ் அப்படியே சொல்லிவிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் மண்வெட்டி நின்றது.

"இதுக்கெதுக்குக் கண்ணு ரெண்டாந்தடவ அளந்துட்டு?" என்றார் இல்யாஸ் பாய். "எப்படியும் ஒரு சாண் கூட்டித்தான் வெட்டறோம். ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன ஆகப்போவுது?"

ஸ்கேலின் நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. ரம்ஷா அதைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அத்தாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.