வரிசைக்கு வராத கிணறு

அந்த வட்டாரத்தில் அட்டவணையிலிருந்து ஒரு கிணற்றை நீக்கினால் மறுநாள் காலையில் அந்தக் கிணறு இருக்காது. இருந்த இடம் மண் மேவிச் சமதளமாகக் கிடக்கும். கிணற்றுக்காரர் வந்து காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்ப்பார். அப்புறம் அங்கே தக்காளி வைக்கலாமா, மாட்டுக்கொட்டகை போடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

நிலத்தடி நீர் ஆய்வு நிலையம் அங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் கிணற்றுக்கு ஒன்றாக சென்சார் தொங்கவிட்டிருந்தார்கள். முழ நீளத்தில் ஓர் எஃகுக் குழாய், அதன் தலையில் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். மணிக்கு ஒரு தடவை அது தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று நிலையத்துக் கணினிக்குச் சொல்லும். கணினியில் இருந்த மென்பொருள் அதை அட்டவணையில் ஏற்றும். அட்டவணையில் ஏறியபடி நிலம் நடந்துகொள்ளும்.

முதல் மாதமே இது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒருமுறை பதினெட்டு அடி என்பதை எண்பத்தொன்று என்று யாரோ அடித்துவிட்டார்கள். அந்தக் கிணற்றுக்காரர் அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய் நீளக் கயிறு வாங்கிவந்தார். இன்னொரு கிணற்றில் பேட்டரி தீர்ந்து மூன்று நாள் அளவு விட்டுப்போனது. மென்பொருள் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் சராசரியைப் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. அந்த மூன்று நாளும் தாங்கள் குடித்தது பக்கத்து ஊர்த் தண்ணீர் என்று அந்த வீட்டாருக்கு அதன்பிறகு நினைவு வந்தது.

கயிறு விவகாரத்துக்குப் பிறகு, கையால் எண் அடிக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். எழுதும் உரிமை கருவிகளுக்கு, நீக்கும் உரிமை மனிதர்களுக்கு என்று பங்கு பிரிந்தது. நீக்குவதை அங்கே நீக்குவது என்று சொல்வதில்லை. சுத்தம் செய்வது என்று சொல்வார்கள்.

சுத்தம் செய்வதில் திலகவதியை மிஞ்ச ஆள் கிடையாது. வயது முப்பத்து நாலு. இருநூற்றுப் பன்னிரண்டு சென்சார்களையும் கிணறு கிணறாக ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கட்டியவள் அவள்தான். ஒவ்வொன்றின் இடுப்பிலும் எண் ஒட்டியதும் அவள்தான். எந்த எண் எந்த ஊர், அங்கே நாய் கடிக்குமா கடிக்காதா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று வருடத்தில் ஒன்பது கிணறுகளை அவள் சுத்தம் செய்திருந்தாள். எட்டாம் எண் அமாவாசைதோறும் இரண்டடி ஏறியது. முப்பத்தொன்று மழை பெய்தால் இறங்கியது. ஐம்பத்தாறு செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அளவு சொல்ல மறுத்தது. இப்படி ஒன்பது. மென்பொருள் சிவப்பாகக் காட்டும். அவள் ஒரு தட்டுத் தட்டுவாள். வரைபடத்தில் கோடு நேராகும். தன் கையில் தப்பு வராது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கோடு நேராக இருந்தால் நிலையத்துத் தலைவர் டாக்டர் குழந்தைவேலுவுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இரண்டு கை கூடுதலாக இறங்கும். கெட்டவர் இல்லை. கோட்டின்மேல் பிரியம் உள்ளவர். மூன்று வருட அளவுகளை வைத்து அவர் எழுதிய கட்டுரை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். ஐந்து மணிக்கு அட்டவணை பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு அதில் உள்ளது உள்ளதுதான், இல்லாதது இல்லாததுதான்.

வியாழக்கிழமை மதியம் நூற்றுப் பதினேழாம் எண் சிவப்பானது.

நல்ல மே மாதம். மற்றக் கிணறுகளில் தண்ணீர் எழுபது அடிக்குக் கீழே போய்விட்டது. நூற்றுப் பதினேழில் பதினான்கு அடி. போன வருடம் இருபது, அதற்கு முந்தைய வருடம் முப்பது. ஊரெல்லாம் இறங்க இறங்க அது மட்டும் ஏறிக்கொண்டு வந்திருந்தது.

குழந்தைவேலு திரையைப் பார்த்துக் கன்னத்தைச் சொறிந்தார். “திலகவதி, இது ஒண்ணையும் சுத்தம் பண்ணிரும்மா. கோடு தூக்கிட்டு நிக்குது பாரு.”

“சார், அது பேபியக்கா கிணறு. இருவத்தி மூணு வீடு அதுலதான் தண்ணி எடுக்குது. ஐம்பத்தாறாம் நம்பர் மாரப்பன்கூட இப்ப அங்கதான் வர்றாரு.”

“எனக்கு மட்டும் ஆசையா? சாப்ட்வேர் செவப்புக் காட்டுதே.”

அவள் தட்டுவதற்கு விரலைக் கொண்டுபோனாள். திரையில் எப்போதும் வருகிற வாசகம் வந்தது. நீக்கவா, வைக்கவா? வைப்பதென்றால் அதே கிணற்றில் இன்னொரு கருவி அதே அளவைச் சொல்ல வேண்டும். ஒன்பது தடவையும் அவள் இந்த வாசகத்தின் முதல் பாதியை மட்டும்தான் படித்திருந்தாள். இந்த முறை முழுவதும் படித்தாள்.

“வேற சென்சார் இருக்குதுங்களா சார்?”

“ஒண்ணுகூட இல்லையேம்மா.”

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க. அந்தக் கிணத்துல தப்பில்ல. கட்டினவ நானு.”

குழந்தைவேலு கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் திலகவதி ஸ்கூட்டரை எடுத்தாள். பேபியக்காவின் தோட்டம் மண் சாலை முடிகிற இடத்தில் இருந்தது. ஒரு ஏக்கர் முருங்கை, நாலு ஆடு, நடுவில் சதுரக் கிணறு. கிணற்றின் உள்சுவரில் இறங்குவதற்குக் கல் துருத்திக்கொண்டு படியாக நிற்கும். பேபியக்கா ஐம்பது வயதுக்காரி. புருஷன் லாரி ஓட்டப் போய்விட, தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள்.

“வா அம்மணி. எங்கிணத்த எடுத்துருவீங்கன்னு மாரப்பன் சொன்னாரு. மோட்டாரக் கழட்டி வெக்கட்டுமா, இல்ல அதுவும் கூடவே போயிருமா?”

“போனா மோட்டாரும் போயிருங்க்கா. ஆனா போகாது. நான் எறங்கிப் பாக்கறேன்.”

“எறங்கு எறங்கு. மூணாவது கல்லு ஆடும், பாத்துக்க.”

டேப்பைப் பிடித்து அளந்தாள். பதினான்கு அடி, அங்குலம்கூடப் பிசகவில்லை. ஆனால் டேப் கருவிப் பட்டியலில் கிடையாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கற்களில் கால் வைத்து இறங்கினாள். தண்ணீருக்குள் ஒரு கல் தட்டுப்பட்டது. அதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். நூற்றுப் பதினேழாம் சென்சார் எதிர்ச்சுவரில் தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே, தெளிந்த தண்ணீரில், இன்னும் பச்சை விளக்குகள் எரிந்தன. எண்ணினாள். ஒன்பது. கையை விட்டு அருகில் இருந்ததை இழுத்தாள். இடுப்பில் அவளே ஒட்டிய எண். எட்டு. அடுத்தது முப்பத்தொன்று. அடுத்தது ஐம்பத்தாறு.

நீக்கிய கிணறுகளின் தண்ணீர் எங்காவது போக வேண்டுமல்லவா? இங்கே வந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யச் செய்ய, ஒவ்வொன்றாக இங்கே ஏறியிருந்தது. நூற்றுப் பதினேழு தானாக வரிசையைவிட்டு விலகவில்லை. அவள்தான் ஒன்பது தட்டில் அதை விலக்கியிருந்தாள். குழாய்கள் பாவம், ஒருவரும் கேட்காவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை அளவு சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அவற்றின் தலையை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள். அழவும் செய்தாள். கிணற்றுத் தண்ணீரில் அது கணக்குக்கு வராது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டாவது கருவி என்ற இடத்தில் எட்டு என்று கொடுத்தாள். இந்த எண்ணில் கருவி இல்லை என்றது. முப்பத்தொன்று. இல்லை. ஒன்பதையும் கொடுத்துப் பார்த்தாள். ஒன்பதும் இல்லை.

கழுத்தில் அடையாள அட்டை ஈரமாகத் தொங்கியது. பணியாளர் எண் 4406. அதைக் கொடுத்தாள்.

மென்பொருள் மறுக்கவில்லை. தண்ணீர் புகாத கருவியா என்று கேட்டது. இத்தனை நேரம் நின்றதில் ஒன்றும் புகவில்லை என்பதால் ஆம் என்றாள். கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்றது. ஜனவரியில் கண் பரிசோதனை செய்திருந்தாள், ஜனவரி என்றாள். பேட்டரி எவ்வளவு என்றது. இட்லியை யோசித்து, எண்பது சதவீதம் என்றாள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, தன்னையறியாமல் வாய் திறந்து, “பதினாலு அடி” என்றாள்.

நூற்றுப் பதினேழு பச்சையானது.

“ஆச்சா அம்மணி?” என்று மேலேயிருந்து பேபியக்கா எட்டிப் பார்த்தாள்.

“கிணறு ஆச்சுங்க்கா.”

மூன்று மணி அளவைச் சொல்லி முடித்ததும் மென்பொருள் அடுத்த அட்டவணையைத் திறந்தது. கருவிகளின் பட்டியல். இருநூற்று மூன்று கருவிகள் முழ நீளம், முக்கால் கிலோ. ஒன்று ஐந்தடி மூன்று அங்குலம், ஐம்பத்தெட்டுக் கிலோ. 4406 சிவப்பானது. நீக்கவா, வைக்கவா? வைப்பதென்றால் இதே வகையில் இன்னொரு கருவி வேண்டும்.

அவள் குழந்தைவேலுவுக்குப் போன் செய்தாள். அவர் அதையேதான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கையில மவுஸ் இருக்குதுங்களா?”

“இருக்குதும்மா.”

“அதக் கொஞ்சம் கீழ வெச்சிருங்க. என்னைச் சுத்தம் பண்ணுனா காலையில நான் இருக்க மாட்டேன். நான் இல்லேன்னா கிணறு மறுபடியும் செவப்பாயிரும்.”

மவுஸை மேசையில் வைக்கிற சத்தம் வந்தது. அப்புறம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

“சார், இங்க ஒம்போது சென்சாரும் இருக்குது. எல்லாம் வேலை செய்யுது.”

“எந்த ஒம்போது?”

“நான் சுத்தம் பண்ணி நீங்க கையெழுத்துப் போட்டது.”

நாலேகாலுக்கு நிலையத்து ஜீப் மண் சாலையில் வந்து நின்றது. குழந்தைவேலு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கால்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்தார். அது போதாது என்று பேபியக்கா சொன்னதால் இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தான் இட்டுக்கொண்டு இறங்கினார். மூன்றாவது கல் ஆடியது. திலகவதி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தண்ணீரில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஐம்பத்தாறு வந்ததும் அந்தக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். “நேரா இருந்துதும்மா கோடு. அவ்வளவு நேரா இருந்துது” என்றார். அவள் போனை நீட்டினாள். தன் பணியாளர் எண்ணைக் கொடுத்தார். 4401. பேட்டரி என்ற இடத்தில் நாற்பது என்று உண்மையைச் சொன்னார்.

ஐந்து மணி ஆயிற்று. இருவரும் ஒரே நேரத்தில், “பதினாலு அடி” என்றார்கள். பட்டியல் பச்சையானது, இருவரையும் அந்தக் கிணற்றுக் கருவிகளாகவே வைத்து அட்டவணை பூட்டிக்கொண்டது, கட்டுரை போய்விட்டது. வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் நன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றது. குழந்தைவேலு அதைப் போனில் பார்த்தார். “இருக்கட்டும், பாக்க லட்சணமாத்தான் இருக்குது” என்றார்.

“ஏனுங், பேட்டரிக்கு என்ன போடோணும்?” என்று பேபியக்கா கேட்டாள்.

“தயிர்சோறு போதுங்க்கா” என்றாள் திலகவதி. வாளியில் இறங்கியது. ஊறுகாயும் இருந்தது.

சனிக்கிழமை காலை மாரப்பன் இரண்டு குடங்களோடு வந்தார். அறுபது வயது, தண்ணீர் இல்லாமல் போனதிலிருந்து வார்த்தையைக் குறைத்துக்கொண்டவர். ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

“எங்கிணத்துத் தண்ணி இதுல இருக்குது.”

“இருக்குதுங்க. ஐம்பத்தாறு. நான்தாங்க எடுத்தேன்” என்றாள் திலகவதி கீழேயிருந்து.

மாரப்பன் குடங்களை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். மதியம் திரும்பி வந்தார். மண்ணுக்கடியில் போகாமல் வீட்டுப் பரணில் கிடந்த தன் பழைய கப்பியைக் கொண்டுவந்து, பேபியக்காவின் கப்பிக்குப் பக்கத்தில் மாட்டினார். தன் கயிற்றில் இறைத்தார். ஐம்பத்தாறாம் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற எட்டுப் பேரும் கப்பியோடு வந்துவிட்டார்கள். ஒருத்தர் தண்ணீர் ஒருத்தருக்குப் போகவில்லை. எட்டாம் எண்காரர் அமாவாசைக்கு இரண்டு குடம் சேர்த்து எடுத்துவர வேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை நிலையத்திலிருந்து வருகைப் பதிவேட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மாரப்பன் அதைத் தன் வாளியில் வைத்து, நனையாமல் மெதுவாக இறக்கினார். திலகவதி கையெழுத்துப் போட்டாள், குழந்தைவேலு கையெழுத்துப் போட்டார். கீழே மிச்சம் இருந்த ஒன்பது வரிகளில் ஒன்பது குழாய்களின் எண்களையும் எழுதி, நேரே ‘வந்துள்ளார்’ என்று அவரே குறித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பதால் ஐம்பத்தாறுக்கு மட்டும் ஒருநாள் விடுப்பு எழுதிவைத்தார்.

மணி பத்தானது. பதினொரு பேரும் அளவு சொன்னார்கள்.