டவருக்குத் தமிழ் தெரியாது

"இன்னாடா பார்த்துக்கினு நிக்கற? பிடுங்கு அத" என்று வடிவாம்பாள் அத்தை அதட்டியதும், கதிர்வேல் கம்ப்யூட்டர் மேசைக்கடியில் புகுந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வயரைப் பிடித்துவிட்டான். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அங்கிருந்த பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை.

"கைய எடு கதிர்வேல்."

அனு வாசற்படியில் நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்து, விடிந்ததும் அம்மாவின் உடலோடு வண்டியில் வந்து இறங்கிய அதே சுடிதார். சித்தப்பா மகன் கதிர்வேல் வயரை விட்டுவிட்டு எழுந்தான்.

"இது ஆஃப் ஆயிடும். வேற எங்கனா கேட்டு எடுத்துக்கினு வா."

"ஆவட்டுமே" என்றாள் அத்தை. "இந்த சனியன்தானே அவள கொண்டு போச்சு. அறுபது வயசுல பொம்பளைக்கு இன்னா ஏரோப்ளேன் கேக்குது? அதுல கண்ண வச்சிக்கினே உக்காந்துக்கினு, நெஞ்சு வலி வந்தது கூட தெரியாம போயிட்டா."

விடிந்ததிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேம் ஆடிக்கினே செத்துட்டா. கேட்டவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெருவுக்கு அம்மாவின் சாவு ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. அப்பா மாணிக்கவேல் பந்தலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் அது விழாமல் இல்லை.

கம்ப்யூட்டரை வாங்கியது அண்ணன் பிரேம்நாத். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வாங்கிப்போட்டுவிட்டு, புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது அப்படியே விட்டுப் போனான். அம்மா பெரியநாயகி தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருநாள் அதிலிருந்த விமானம் ஓட்டும் கேமைச் சும்மா உட்கார்ந்து பார்த்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி ஜெட்தான் அவளுக்குப் பிடித்தது. பணக்காரர்கள் சொந்தத்துக்கு வைத்துக்கொள்கிற மாதிரி விமானம். ஸ்டியரிங்கை மட்டும் பிரேம்நாத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அவள் எங்கேயும் போனதில்லை. மீனம்பாக்கத்தில் ஏறுவாள், இரண்டு தரம் இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் பறப்பாள், மறுபடி இரண்டு தரம் திரும்பி இறங்குவாள். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் திரும்ப ஏறிவிடுவாள். சாயங்காலம் வரைக்கும் இதே சுற்றுதான், விமானங்களுக்கு வழி சொல்கிற டவரோடு பேசிக்கொண்டே.

"அப்படியே டெல்லி வரைக்கும் போலாமேமா" என்று அனு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு? ஏறதும் எறங்கறதும்தான்டி வேல. நடுவுல இன்னா இருக்குது, சும்மா உக்காந்துக்கினு போறதுதானே. இந்த ஜெட்டு இருக்குதே, அது நமக்காக நிக்காது. திரும்பணும்னு நெனைக்கறதுக்குள்ள தாண்டிப் போயிடும். அதுக்கு முன்னாடியே நம்ம புத்தி அங்க போயிருக்கணும்."

சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அனுவுக்குத் தெரியும். இந்த வீட்டில் வேறெதைச் சொல்லும்போதும் அப்படி இருந்ததில்லை.

கதிர்வேல் வெளியே போனதும் அனு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். விமானம் ஆகாயத்தில் அப்படியே நின்றிருந்தது. இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே ஓடுபாதை ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. சக்கரங்கள் இன்னும் இறக்கப்படவில்லை. திரையின் மூலையில் 'பாஸ்' என்று, ஆட்டம் நடுவில் நிறுத்தப்பட்டதற்கு அடையாளமாக, சிறிதாக எழுதியிருந்தது.

அம்மா அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. குக்கர் விசில் அடித்தாலும் இறங்கிவிட்டுத்தான் எழுந்து போவாள். "ஆகாசத்துல யாருனா நிறுத்துவாங்களா?" என்பாள்.

அப்படியென்றால் தெரிந்துதான் இருக்கிறது. வலி வந்தது தெரிந்து, கை நீட்டி, நிறுத்தியிருக்கிறாள். அதற்கப்புறம்?

பக்கத்து வீட்டு சந்தியா எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு உள்ளே வந்தாள். பின்னால் வந்த கதிர்வேலிடம் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அனு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. சொல்லலேன்னா எனக்கு சோறு எறங்காது."

"சொல்லுங்கக்கா."

"நேத்து மாடில துணி எடுத்துக்கினு இருந்தேன். அக்கா கூப்பிட்டது கேட்டுச்சு. 'ஏங்க, இங்க வாங்க'ன்னு. ரெண்டு மூணு வாட்டி. கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் கீழ வந்து மதில் மேல எட்டி, 'அண்ணா, அக்கா கூப்பிடறாங்க பாருங்க'ன்னேன். டிவி பார்த்துக்கினு இருந்தாரு. 'அவ டவர கூப்பிடறாம்மா, நீ வேலைய பாரு'ன்னு சிரிச்சாரு. நானும் போயிட்டேன்பா. நானாவது வந்திருக்கணும்."

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இப்போது அனுவின் கண்முன் வந்தது.

அப்பாவைக் குளிக்கச் சொல்லி யாரோ கொல்லைப்புறம் அனுப்பியிருந்தார்கள். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். அனு போய்க் குழாயை மூடினாள்.

"அம்மா உங்கள கூப்பிட்டாங்களா?"

அவர் குளிக்கிற செம்பைத் தேடினார்.

"சந்தியாக்கா சொன்னாங்க. அத்தை வாசல்ல உக்காந்துக்கினு ஊருக்கெல்லாம் இன்னா சொல்லிக்கினு இருக்காங்கன்னு உங்களுக்குக் கேக்குது இல்ல? நீங்க வாயத் தொறக்கல. அம்மா பைத்தியக்காரியா போவட்டும், இல்லப்பா?"

"அவ எப்பவும் பேசிக்கினுதானே இருப்பா அனு..."

அதில் பொய் இல்லை. முப்பது வருஷம் காதில் ஹெட்செட் மாட்டி வேலை பார்த்தவளுக்கு வாய் மூடி எதையும் செய்யத் தெரியாது. டவரில் யாரும் கேட்காவிட்டாலும், "விக்டர் டேங்கோ பாப்பா நவம்பர் யாங்கி, லெஃப்ட் டவுன்விண்ட்" என்று சத்தமாகச் சொல்லித்தான் ஓடுபாதைக்கு எதிர்த்திசையில் திரும்புவாள். இந்திய விமானங்களுக்குப் பொதுவான VT-க்குப் பிறகு, தன் பேரிலிருந்து எடுத்த P, N, Y எழுத்துகளைத் தன் விமானத்துக்கு வைத்திருந்தாள். "பைலட்டம்மா, டீ கிடைக்குமா?" என்று அப்பா கூடத்திலிருந்து கிண்டல் செய்வார்.

"டவருகிட்ட அம்மா இங்கிலீஷ்லதான்பா பேசுவாங்க" என்றாள் அனு. "ஏங்கன்னு டவரையா கூப்பிடுவாங்க?"

அவர் குனிந்து வாளியைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"இங்கிலீஷா தமிழான்னு நான் கேக்கலம்மா" என்றார். "சத்தம் வந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அனுவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. நாற்பது வருஷம் ஒரு வீட்டில் இருந்த மனுஷியின் குரல் இவருக்கு வெறும் சத்தம். குழாயடியிலிருந்து விடுவிடுவென்று உள்ளே வந்தாள். புனேவிலிருந்து வந்து இறங்கியிருந்த பிரேம்நாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எதுக்கு அனு இதெல்லாம்? அம்மா போயிட்டாங்க. அப்பா பாவம்" என்றான்.

"அம்மா பாவம் இல்லையா?"

வாசலில் சொர்க்க ரதம் வந்து நின்றது. சங்கு ஊதினார்கள். அம்மாவுக்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும் வைத்து வெளியே தூக்கினார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். அங்கே நின்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது கூட, "வேணாம் வேணான்னு சொன்னனேடி, கேக்கலியேடி" என்றுதான் அழுதாள். அனுவுக்கு அழுகை வரவில்லை. கண் எரிந்தது.

வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் தலைக்குக் குளித்து உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். அப்பா எல்லோருக்கும் பின்னால் வந்தார். அந்த நேரத்தில்தான் கூரம் கிராமத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பஞ்சாட்சரம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லையே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தானே இருந்தா? எப்பிடி ஆச்சு?"

"எப்பிடி ஆவறது?" என்று அத்தை ஆரம்பித்தாள். "கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்டிக்கினே..."

அனு எழுந்தாள். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"இல்லக்கா" என்றார் அப்பா.

நடைவாசலில் நின்றிருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, கழுவிய தரையில் அவர் காலைச் சுற்றித் தேங்கியது.

"அவ கூப்பிட்டா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சு. நான் போவல." பஞ்சாட்சரத்தைப் பார்த்துச் சொன்னார். "கூடத்துலதான் இருந்தேன் மச்சான். டிவி பார்த்துக்கினு இருந்தேன்."

அத்தை வாய் திறந்தபடியே இருந்தாள். பிரேம்நாத் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பஞ்சாட்சரம் மட்டும், புரிந்தும் புரியாமலும், தலையை மெல்ல ஆட்டினார். யாரும் அப்பாவை உள்ளே வரச் சொல்லவில்லை. அவரும் வரவில்லை. குளிர்ந்த காற்றில் அவர் தோள் லேசாக நடுங்கியது.

அனு உள்ளே போய்க் கொடியிலிருந்து ஓர் உலர்ந்த துண்டை உருவிக்கொண்டு வந்தாள். அதை அவர் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, பஞ்சாட்சரம் மாமாவுக்குக் காபி கலக்க அடுப்படிக்குப் போனாள்.