வாழ்த்துவோர் பெயர்

டிசம்பர் 26. காலை ஏழு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. திண்டுக்கல் கேபிள் சேனல் ஒன்றில் ‘இதே நாளில்’ நிகழ்ச்சி வாசிக்கும் புவனேஸ்வரி மைக்கைச் சேலையில் மாட்டினாள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

“செத்த உக்காருங்கக்கா. நேத்து கிறிஸ்மஸ் கேக்கு இருக்கு, ஒரு துண்டு தின்னுட்டு வாசிங்க,” என்றான் கேமராக்காரன் பிராங்க்ளின்.

“ஏலே, இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். சுனாமி வந்த அன்று அவள் கணவன் நாச்சிமுத்து நாகப்பட்டினத்துக்குக் காய்கறி லோடு கொண்டு போயிருந்தான். கடற்கரைப் பக்கம் டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. அதே காலையில்தான் இங்கே ஆஸ்பத்திரியில் இளவேனில் பிறந்தாள். பெண் பிறந்திருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. அந்தத் தேதியில் அவர்கள் வீட்டில் பகலில் அடுப்பு எரிந்ததே இல்லை.

“அப்ப இதை என்ன செய்ய?”

பிராங்க்ளின் செல்லை நீட்டினான். நேயர்கள் அனுப்பிய பிறந்தநாள் படங்களுக்கு நடுவே இளவேனில் சிரித்தாள். கீழே, ‘வாழ்த்துவோர்: அப்பா நாச்சிமுத்து, அம்மா புவனேஸ்வரி.’

“கழுதை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?”

“கேட்டா விட்டுருவீங்களாக்கும்.”

“செத்தவுக பேரை வாழ்த்துவோர்ல போடுறதில்லையேப்பா.”

“போடுறதில்லதான். எடுத்துரவா? சட்டுனு சொல்லுங்க, மணியாச்சு.”

அவள் வாய் திறப்பதற்குள் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சார்லஸ் பாபேஜ் பிறந்ததை வாசித்தாள். ரேடியம் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதை வாசித்தாள். சுனாமியை, எல்லா வருடமும் போல, மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள். சோகப் புல்லாங்குழலை நிறுத்தி நாதஸ்வரத்தை ஓடவிட்டான் பிராங்க்ளின். வடமதுரை தஹ்சீன், குஜிலியம்பாறை பொன்னழகு என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. விளம்பரம் போடவா என்று அவன் சைகை காட்டினான்.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள், கேமராவைப் பார்த்தே. “இன்று பிறந்தநாள் காணும் செல்வி இளவேனில். வாழ்த்துவோர், அப்பா நாச்சிமுத்து…”

நின்றுவிட்டாள். பிராங்க்ளின் நாதஸ்வரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

“…அம்மா புவனேஸ்வரி.”

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் செல் அடித்தது.

“பாத்தேம்மா.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “கேசரி கிண்டவா?”

புவனேஸ்வரி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

“அடுப்பப் பத்த வச்சு ரவையை மட்டும் வறுத்து வையி. நான் வந்து கிண்டுறேன். நீ அடிப்பிடிக்க விட்டுருவ.”