மெழுகு பூசிய குழாய்

நெட்டைக்கும் தொப்பிக்கும் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: ஒருத்தன் வீடு மற்றவனுக்குத் தெரியக் கூடாது. மாட்டிக்கொண்டால் காட்டிக்கொடுக்க முடியாதே. சட்டம் போட்டவன் நெட்டை. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

தொழில் இதுதான். கேஸ் கம்பெனி ஆள் மாதிரி தலையில் தொப்பியோடு ஒருவன் வீடு வீடாக ஏறி, அடுப்புக்கு கேஸ் வரும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்து, "விரிசல் விட்டுருச்சும்மா, மாத்தணும்" என்பான். கழற்றி வந்த குழாயை நெட்டை சந்துக்குள் கழுவி, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்குவான். அடுத்த வீட்டுக்கு அதுதான் புதுசு.

அன்று கால்வலி என்று நெட்டை பாதியிலேயே ஒதுங்கிக்கொள்ள, தொப்பி தனியாகப் புது ஏரியாவுக்குப் போனான்.

மாலையில் வீடு திரும்பிய நெட்டை அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டான். சிலிண்டரில் மாட்டியிருந்த குழாயில், பிறை மாதிரி வளைந்த ஒரு விரிசல். காலையில் அவனே மெழுகு தேய்த்தது.

"கம்பெனிக்காரர் இப்பத்தான் மாட்டிட்டுப் போனார். தங்கமான மனுஷன்" என்றாள் மனைவி. அவளைப் பொறுத்தவரை நெட்டை ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறவன்.

சிலிண்டரை மூடிவிட்டுப் பாய்ந்தான். இரண்டு தெரு தள்ளித் தொப்பியின் சட்டை கையில் சிக்கியது.

"அடப்பாவி, என் வீட்டுலயே கை வச்சுட்டியேடா!"

"உன் வீடுன்னு வாசல்ல எழுதி ஒட்டியிருந்துச்சா? சட்டம் போட்டது நீதானே?"

"என் பொண்டாட்டி சமைக்கிற அடுப்புடா! மனசாட்சி வேணாம்?"

தொப்பிக்கும் ரோஷம் வந்தது. "மத்த வீட்டுல எல்லாம் பொம்மையா சமைக்குது?"

அந்தக் கேள்வி நெட்டையின் கோபத்தை இன்னும் கிளப்பியது. தொப்பியைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தான்.

"வாங்கண்ணே! இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கணவன் பக்கம் திரும்பினாள் மனைவி.

"குழாய் சரியில்லைன்னு நீயே சொல்லுடா!" என்று தொப்பியை உலுக்கினான் நெட்டை.

இத்தனை வருஷத் தொழிலில் தொப்பியை யாரும் இவ்வளவு மரியாதையாக வரவேற்றதில்லை. "நான் மாட்டினா பத்து வருஷத்துக்குக் கேரண்டி, தங்கச்சி" என்றான்.

"கேட்டீங்களா? ஒரு பல்பு மாட்டத் துப்பில்ல, கம்பெனிக்காரருக்கே பாடம் எடுக்கறீங்க! உக்காருங்கண்ணே, டீ போடறேன்."

குனிந்து சிலிண்டரைத் திறந்தாள். வாடை குப்பென்று வந்தது. கை தீப்பெட்டிக்குப் போனது.

"பத்த வைக்காதே!" நெட்டை அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நாங்க ரெண்டு பேருமே ஃபிராடுடி. அந்த விரிசல்ல மெழுகு தேச்சது நான்."

அவள் கையை உதறிக்கொண்டாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது நெட்டைக்கு.

"எந்தெந்த வீடு?" என்றாள் கடைசியில்.

தொப்பி வாசல் பக்கம் நகர்ந்தான். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றிருந்தாள்.

"எல்லாரும் அடுப்பு பத்த வைக்கிற நேரம். நடங்க."