நாற்பத்து மூன்று முடிச்சு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். வாடகை அறையின் ஒற்றை அடுப்பில் டீ போட்டு, ஜன்னலோரம் நின்று குடித்தான். டம்ளரை மேசைமேல் வைக்கவில்லை; தீரும்வரை கையிலேயே வைத்திருந்தான். கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினான். வெளிநாடு வந்து பத்து நாள். பத்து நாளும் இப்படித்தான்.

அவன் மனைவி ஓவியர். கட்டத்தாளில் வரைந்து வண்ணமிடுவாள். கடல் தாண்டி இந்த ஊரில் இருக்கும் நெசவுக்காரி அதைக் கம்பளமாக்குவாள். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. இப்படி இரண்டு கம்பளம் சேர்ந்து முடித்திருந்தார்கள். மூன்றாவதற்கு அவனையும் கூட்டிவருவதாக இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், பஸ் நிறுத்தத்தில் விழுந்தவள் எழவில்லை. மேசைமேல் கிடந்த தாளைச் சரியாகப் பார்க்காமலே சுருட்டித் தபாலில் சேர்த்தான். பிறகு தன் டிக்கெட்டில் தனியாக வந்தான்.

பட்டறையில் சாயக்காரர் காத்திருந்தார். நெசவுக்காரியின் புருஷன். அவன் நாட்டில் பன்னிரண்டு வருஷம் சாயப்பட்டறையில் கிடந்தவர். அவன் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"தம்பி, உங்க அக்கா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு விடிஞ்சதுலேர்ந்து கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. இருபது வருஷத்துல இப்பத்தான் வீட்டுல சத்தமில்ல. சட்டுனு பதில் சொல்லிக் கெடுத்துடாதீங்க."

வார்த்தை புரியாவிட்டாலும் நெசவுக்காரிக்குத் தொனி புரிந்தது. நூல்கண்டு பறந்து வந்து அவர் தோளில் பட்டது.

நிறம் பார்த்துச் சாயம் போட்டபின் சுருட்டியே வைத்திருந்த தாளின் மேற்பகுதியை இன்று தறியில் விரித்துக் குத்தியிருந்தார்கள். நெசவுக்காரி விரல் வைத்த இடத்தில் ஒரு பழுப்பு வளையம்.

"நாப்பத்து மூணு கட்டம்," என்று சாயக்காரர் நூலைக் காட்டினார். "மூணு தடவ முக்கினப்புறம்தான் இந்தப் பழுப்பு வந்துச்சு. என் ஆயுசுல இப்படிப் படுத்தின நிறம் கிடையாது. நிறம்தானே, தம்பி? கறை இல்லையே?"

கறை என்றால் அங்கே வெள்ளை நூல் ஏறும், வளையம் இத்தோடு போய்விடும். மனைவியும் அவனும் ஒரே மேசையில் இருந்ததற்கு வேறு தடயம் கிடையாது. நிறம் என்றால் அவள் வேலைமேல் அவன் செய்த தப்பு காலத்துக்கும் நிற்கும்.

"நிறம்தான், அண்ணே."

அவர் சொல்லக் கேட்ட நெசவுக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

"பொய்யிங்கறா. அந்தப் பொண்ணு ஒருநாளும் கரையத் தாண்டி வரைய மாட்டாளாம். இந்தக் கறை கரையத் தாண்டிடுச்சாம். உங்க பாஷையில இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கு சுளுக்கிடும்."

"என் டம்ளர்," என்றான். "அவ வரைஞ்சிட்டிருந்தா. தாள்மேல வச்சுட்டேன். அன்னைக்குக் காலையில."

சாயக்காரர் நூலைப் பார்த்தார். "டீயா? டீக்கா நான் மூணு தடவ..." முடிக்காமல் மனைவியிடம் சொன்னார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பாத்துட்டு அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

அன்று அவனுக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரம். அவள் சொன்னதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை; மத்தியானம் அவள் விழுந்துவிட்டாள். மூன்று மாதமாக யாரும் இதை அவனிடம் கேட்டதுமில்லை.

சொன்னான். சாயக்காரர் மெதுவாக மாற்றிச் சொன்னார். நெசவுக்காரி வெள்ளை நூலை ஒதுக்கிவிட்டுப் பழுப்பை எடுத்தாள். முதல் முடிச்சைப் போட்டு நுனியை அறுத்தாள். அடுத்ததற்குப் போன கை நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். புருஷனை அல்ல, அவனை. புரியாவிட்டால் பரவாயில்லை, அந்தப் பெண் சொன்ன மாதிரியே கேட்க வேண்டுமாம்.

"துடைக்காத, இழுவிக்கும். இருக்கட்டும், காயட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."