பேரரசரின் இரண்டு கன்னங்கள்

எங்கள் கால்வாயை வெட்டிய பேரரசர் செத்து ஈராயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரால்தான் எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தது.

நாங்கள் வடகரை. தண்ணீர் கொண்டுவந்த மகான் என்று அவருக்கு ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள். நான் கட்டிக்கொள்ள நினைத்த யூஷானின் வீட்டார் தென்கரை. தங்கள் முப்பாட்டன்களைச் சவுக்கால் அடித்து மண் சுமக்க வைத்த கொடுங்கோலன் என்று காறித் துப்புகிறவர்கள். துப்பிவிட்டு அதே கால்வாய்த் தண்ணீரில் டீ போட்டுக் குடிப்பார்கள், அது வேறு விஷயம். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வடகரையில் எவனுடைய முப்பாட்டனும் மண் சுமந்ததாக யாருக்கும் ஞாபகமே இல்லை.

நானும் யூஷானும் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, தோஃபு விற்கும் என் அப்பா பாவ்தாங் ஒரே போடாகப் போட்டார்.

"அந்த டெங் குவாங்ஃபூ, திருவிழாவுல, கால்வாய்ச் சாமி முன்னாடி, பேரரசர் முகம் செவப்புதான்னு வாய்விட்டுச் சொல்லட்டும். அன்னிக்கே பொண்ணு கேட்டு வர்றேன்."

யூஷானின் அப்பா டெங் குவாங்ஃபூ வினிகர் காய்ச்சுபவர். பேச்சும் அதே புளிப்பு.

"அந்தத் தோஃபுக்காரன், அதே சாமி முன்னாடி, வெள்ளைன்னு கத்தட்டும். பொண்ணோட ரெண்டு ஜாடி வினிகரும் சேர்த்துத் தர்றேன்."

எங்கள் கூத்தில் நல்லவனுக்குச் சிவப்பு முகம், கொடியவனுக்கு வெள்ளை முகம். நான் முகம் பூசி ஆடும் கூத்தாடி. திருவிழாவில் சாமி முன் சொன்ன சொல்லை எங்கள் பக்கம் யாரும் திரும்ப விழுங்க முடியாது. அதனால் இரண்டு பேரும் அதைச் சொல்லப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் கால்வாய் வெட்டிய கதையையே ஆட வேண்டும் என்று இரண்டு கரையும் சேர்ந்து கேட்டன. எதிர்க்கரைக்காரன் அவமானப்படுவதைக் கண்ணால் பார்க்கும் ஆசைதான், வேறென்ன. பேரரசர் வேஷம் என் தலையில் விழுந்தது. காலையிலேயே இரண்டு அப்பாக்களும் தனித்தனியாக வந்து போனார்கள்.

"செவப்பு பூசலேன்னா வீட்டுப் பக்கம் வராதே."

"வெள்ளை பூசலேன்னா என் பொண்ணு பக்கம் வராதே."

நான் சாயக் கிண்ணங்களின் முன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். யூஷான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தாள்.

"மேடை எங்கே போட்டிருக்கு?"

"கால்வாய்க்கு மேல, பாலத்துல, சாமிக்கு முன்னாடி. வருஷா வருஷம் அங்கதானே."

"எங்க ஆளுங்க எங்கே உட்காருவாங்க?"

"தென்கரையில. எங்க ஆளுங்க வடகரையில. ஏன்டி உயிரை வாங்குறே?"

"உனக்கு எத்தனை கன்னம்?" என்றாள் அவள், தொலியைத் துப்பிவிட்டு.

இந்த மூளைக்காகத்தான் அவளை விட முடியாமல் கிடந்தேன். இடது கன்னம் சிவப்பு, வலது கன்னம் வெள்ளை. மேற்கிலிருந்து நுழைந்து, கிழக்கையே பார்த்து நிற்க வேண்டும். கடைசிவரை திரும்பக் கூடாது.

கூத்து தொடங்கியது. நான் நுழைந்ததும் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் ஆரவாரம். அப்பா எதிர்க்கரையைப் பார்த்துக் கைதட்டினார். டெங் எங்கள் கரையைப் பார்த்து விசிலடித்தார். தோற்றவன் ஏன் இத்தனை குஷியாக இருக்கிறான் என்பது இருவருக்கும் விளங்கவில்லை.

மந்திரி பின்னால் நின்று பேசினான். நான் திரும்பாமலேயே பதில் சொன்னேன்.

"பார்த்தியா, முகஸ்துதிக்குத் திரும்பிக்கூடப் பார்க்கல. மகான்யா!" என்றது வடகரை.

"பார்த்தியா திமிரை, மந்திரியை மதிக்கிறானா?" என்றது தென்கரை.

காட்சி முடிந்து பின்பக்கமாகவே நடந்து வெளியேறினேன்.

"ஜனங்களுக்கு முதுகு காட்ட மாட்டாராம். என்ன பணிவு!"

"முதுகுல எவனாவது குத்திடுவான்னு பயம். குத்தமுள்ள நெஞ்சு!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. இன்னும் ஒரே காட்சிதான். கால்வாயில் தண்ணீர் திறந்துவிடும் காட்சி. கையை உயர்த்தி, குரலை எடுத்து, "பாயட்டும்!" என்று முழங்கினேன். அப்போது பின்புறத்தில் கிடுக்கியால் பிடித்ததுபோல ஒரு கடி.

கொழுத்த வெள்ளை வாத்து ஒன்று. மேடையேறி வந்து பேரரசரின் பிருஷ்டத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு திரும்பினேன். திரும்பியே விட்டேன். மேற்கே பார்த்து நிற்கிறேன், வாத்தும் என்னோடு சேர்ந்து சுற்றி வந்தது.

இப்போது வடகரைக்குத் தெரிந்தது என் வலது கன்னம், தென்கரைக்கு இடது கன்னம். பிறகு என் அப்பா பெஞ்சின் மேல் ஏறினார்.

"வெள்ளை! டேய், பேரரசர் முகம் வெள்ளைடா!"

எதிர்க்கரையில் டெங் துள்ளி எழுந்தார்.

"செவப்பு! யோவ், அவன் முகம் செவப்புய்யா!"

"வெள்ளைதான்யா! எனக்குக் கண்ணு இல்லையா?"

"செவப்புதான்! சாமி மேல சத்தியமாச் செவப்பு!"

வடகரை முழுக்க வெள்ளை என்று கத்தியது, தென்கரை முழுக்கச் சிவப்பு என்று கத்தியது. கால்வாய் வெட்டிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. யூஷான் பாலத்தில் ஏறி, தாளக்காரரின் கோலைப் பிடுங்கிச் சேகண்டியில் ஓங்கி ஒன்று அடித்தாள்.

"எல்லாரும் கேட்டீங்களா? எங்கப்பா செவப்புன்னு சொல்லிட்டார். மாமா வெள்ளைன்னு சொல்லிட்டார். சாமியும் கேட்டுடுச்சு. கல்யாணம் எப்போ?"

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு இரண்டு கரையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. எனக்கு அழுகை வந்தது. பாதி சந்தோஷம், பாதி வாத்து.

அப்பா ஒரு பக்கமிருந்தும் டெங் மறுபக்கமிருந்தும் பாலத்தில் ஏறி வந்தார்கள்.

"முதல்ல அந்த வெள்ளையைத் துடைடா," என்றார் அப்பா.

"அந்தச் செவப்பைத் துடை," என்றார் டெங்.

யூஷான் எண்ணெய்த் துணியால் இரண்டையும் துடைத்தாள். டெங் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் சாயமில்லாமல் அதை நின்று உற்றுப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"மூக்கு கொஞ்சம் பெரிசு," என்றார்.

"ஆமா, பெரிசுதான்," என்றார் அப்பா. அவர்கள் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு வினிகர் ஜாடி இரண்டு வந்தது. வாத்து ஒன்றும் வந்தது, கொழுத்த வெள்ளை வாத்து. அது எங்கோ பார்த்த வாத்தாக இருக்கிறதே என்று யூஷானைக் கேட்டேன்.

"வாத்தெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அதற்குச் சோளம் போட்டாள்.