கழுவிய கேன்

பதினோராவது தடவை கயிற்றை இழுத்தபோது மோட்டார் லேசாக இருமி, நாலு மூச்சு ஓடிவிட்டு மறுபடியும் நின்றது. தொலெகென் வாய்வரை வந்த கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினார். முன்பக்கம் மருமகள் உட்கார்ந்திருக்கிறாளே. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று வேறு பிடித்துக்கொண்டது. வலை இழுக்கும்போது பளிச்சென்று தெரிந்த மீன் கிடங்கின் தகரக் கூரை இப்போது நகத்தளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. துடுப்பும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு முழம் முன்னே போனால் காற்று இரண்டு முழம் பின்னே தள்ளியது. இந்த ஆரல் கடலில் இப்படிப் போனவர்களைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆகும், கிடைத்தால்.

"பெட்ரோல் வருது. பிளக்கு நனைஞ்சுதான் இருக்கு. அப்புறம் என்னடா கேடு உனக்கு?" என்று அவர் மோட்டாரைத் திட்டினார். கேனிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் இருந்த ரப்பர் குமிழை அமுக்கினார். கேன் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து மூடினார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "சபித் பய வேலை! தண்ணி கலந்த பெட்ரோலைக் குடுத்துட்டான். கரையேறினதும் பாரு, அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம வீட்டுலருந்து ஒரு ஈ காக்கா போகக்கூடாது."

முன்பக்கம் இருந்த மருமகள் மக்பால் கேனைப் பார்த்தாள். தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியும். கணவன் எர்பொலின் கை முறிந்து கிடப்பதால் இன்றுதான் முதல்முறையாக அவள் படகேறியிருந்தாள். எல்லாம் சுத்தமாக இருக்கட்டும், மாமா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லட்டும் என்று விடிந்ததும் பால் பாத்திரத்தைக் கழுவுவதுபோல கேனையும் கழுவிவைத்தாள். காயவைக்க நேரமில்லை. சபித் கொண்டுவந்த பெட்ரோலை அப்படியே ஊற்றிவிட்டாள்.

கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவள் மாமனாரிடம் தானாக வாய் திறந்து பேசியதில்லை. அவர் கேட்டால் பதில், அதுவும் தரையைப் பார்த்து. புது மருமகள் அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது தரையும் இல்லை. கூரையும் மறைந்துகொண்டிருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் கொன்றது.

"மாமா."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"சபித் மாமா மேல தப்பில்ல. நான்தான். காலையில கேனைக் கழுவுனேன். உள்ள மண்ணும் செதிலுமா கிடந்துச்சு. சரியா காயல."

"பெட்ரோல் கேனையா? கழுவுனியா?"

"ஆமா மாமா."

"சோப்பு போட்டியா?"

"போடல."

"அந்தமட்டும் பொழச்சோம்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "அந்தக் கிண்ணத்தை எடு."

படகில் இருந்த ஒரே கிண்ணம், அவர் டீ குடிக்கும் நீல விளிம்புக் கிண்ணம். குழாயை மோட்டாரிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் முனையைக் கிண்ணத்துக்குள் பிடிக்க, அவர் குமிழை அமுக்கினார். எண்ணெய் கலந்த பெட்ரோல் டீ நிறத்தில் மேலே நின்றது. அடியில் நிறமற்ற தண்ணீர் தனியாக உருண்டது. கொட்டினார்கள். மறுபடி. படகு பக்கவாட்டில் சாய்ந்து அலை உள்ளே விழுந்தபோது அவள் கிண்ணத்தைத்தான் பொத்திக்கொண்டாள். ஆறாவது கிண்ணத்தில் அடிவரை ஒரே நிறம். அவர் கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்து, அங்கே தங்கியிருந்ததையும் வடித்தார். "கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா," என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கூரை மறுபடி கண்ணுக்குப் படும்வரை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

கரையில் சபித் கயிற்றை வாங்கிக் கட்டினான். "ஏன் இவ்ளோ நேரம்? பெட்ரோல்ல ஏதும் கோளாறா அண்ணே?"

"உன் பெட்ரோலுக்கு என்ன? நல்லா இருந்துச்சு. கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அடிக்கிற?"

வீட்டில் மாமியார் கேட்டதற்கும், எர்பொல் கேட்டதற்கும், "காத்து" என்று மட்டும் சொன்னார். மக்பால் நீலக் கிண்ணத்தை சோடா உப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். வாசம் போகவில்லை. அதை ஒளித்துவைத்துவிட்டு வேறு கிண்ணத்தில் டீ ஊற்றி நீட்டினாள்.

"என் கிண்ணம் எங்க?"

எடுத்துவந்தாள். நிறைய ஊற்றினால் 'போதும், எழுந்திரு' என்று சொல்வதாகிவிடும்; பால் விட்டு, மரியாதையாகப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றி வைத்தாள். வாயருகே கொண்டுபோனவர் ஒரு கணம் நின்றார். மூக்கைச் சுளித்தார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிண்ணத்தை மறுபடி அவளிடம் நீட்டினார்.